ஊதியமா, மதிப்பூதியமா? தூய்மைப் பணியாளர் முதல் உபதேசியார் வரை: ஓய்வூதிய, மருத்துவ உரிமைகளைப் புரிந்துகொள்ளல்

2025 ஆகஸ்ட் மாதத்தின் முதல் இரு வாரங்கள் சென்னை ரிப்பன் மாளிகையின் வெளியே தூய்மைப் பணியாளர்கள் இரவும் பகலும் அமர்ந்திருந்தனர். இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய இரு மண்டலங்களின் குப்பை அகற்றும் பணி தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்படுவதை அவர்கள் எதிர்த்தனர். தங்களை மாநகராட்சியின் பணியாளர்களாகவே வைத்திருக்க வேண்டும் என்பதே அவர்களின் கோரிக்கை. ஆகஸ்ட் 13 இரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. மறுநாள் அரசு சில திட்டங்களை அறிவித்தது: இலவசக் காலை உணவு, தொழில்சார் நோய்களுக்கான சிகிச்சைத் திட்டம், பணியின்போது இறப்பவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் காப்பீடு, பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, வீட்டு வசதி.

இத்திட்டங்களால் பலன் ஏதும் இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கேட்கப்பட்டது ஒன்று, கொடுக்கப்பட்டது வேறொன்று. பணியாளர் என்ற நிலையைக் கேட்டவர்களுக்குப் பயனாளி என்ற நிலை வழங்கப்பட்டது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒருவர் 60 வயதைக் கடக்கும்போதும், நோயுற்றுப் படுக்கும்போதும்தான் முழுமையாகத் தெரியவரும். ஓய்வூதியமும் மருத்துவ உரிமையும் ஒருவர் எவ்வளவு உழைத்தார் என்பதை மட்டும் பார்த்து வருவதில்லை. அந்த உழைப்பு எந்தப் பதிவேட்டில், எந்தப் பெயரில் எழுதப்பட்டது என்பதைப் பார்த்தே வருகின்றன. தலித் மக்கள் பெருமளவில் செய்துவரும் பணிகள் 'சேவை', 'தொண்டு', 'மதிப்பூதியப் பணி', 'ஒப்பந்தப் பணி' என்றெல்லாம் எழுதப்படுவது தற்செயலானதன்று. தூய்மைப் பணியாளர்களுக்கும், அவர்களோடு அதிகம் பேசப்படாத சிற்றூர்ப் பூசாரிகள், உபதேசியார்கள் ஆகிய சமயப் பணியாளர்களுக்கும் உரியவை எவை, அவை எங்கே மறுக்கப்படுகின்றன என்பதை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

கருணைத்தொகை அன்று

ஓய்வூதியம் அரசு மனமிரங்கித் தரும் கொடை அன்று. ஆற்றிய பணிக்கு ஈடாகப் பெறும் உரிமை. டி.எஸ். நகாரா வழக்கில் 1982 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் சாரம் இது. முதுமையிலும் நோயிலும் பொது உதவி பெறும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 41ஆம் கூறு அரசின் கடமையாக வைக்கிறது.

இந்தியத் தொழிலாளர்களுக்கான நோய்க்காப்பீட்டுக்கு வரைவு வகுத்த பி.பி. அடார்கரின் அறிக்கை 1944இல் அளிக்கப்பட்டது. அப்போது வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பொறுப்பேற்றிருந்தவர் அண்ணல் அம்பேத்கர். அந்த அடித்தளத்தின் மீதே 1948இன் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், அதாவது ஈ.எஸ்.ஐ. சட்டம், எழுந்தது. ஈ.எஸ்.ஐ. அட்டையைக் கேட்டுப் பெறுவது நம் வரலாற்றோடு தொடர்புடைய செயல் என்பதை இளைய தோழர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

'மதிப்பூதியம்' என்ற சொல்லையும் நீதிமன்றம் கேள்விக்கு உட்படுத்தியுள்ளது. அங்கன்வாடிப் பணியாளர்களுக்குத் தரப்படுவது மதிப்பூதியமே, ஊதியம் அன்று; ஆகவே பணிக்கொடை கிடையாது என்ற வாதத்தை 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பணிக்கொடைச் சட்டத்தின்படி அதுவும் ஊதியமே என்றது. சூட்டப்பட்ட பெயரைவிடச் செய்யப்பட்ட வேலையே முதன்மையானது என்ற இக்கருத்து, கிராம ஊராட்சிகளின் தூய்மைக் காவலர்கள் உட்பட மதிப்பூதியத்தில் உழைக்கும் அனைவரின் வாதத்துக்கும் வலுச்சேர்ப்பது.

வருங்கால வைப்பு நிதி: கணக்கு எப்படி ஓடுகிறது?

20 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் நிறுவனங்களுக்கு வருங்கால வைப்பு நிதி பொருந்தும். 2011 ஜனவரி முதல் மாநகராட்சிகளும் நகராட்சிகளும் இதன்கீழ்க் கொண்டுவரப்பட்டன. நிரந்தரப் பணியாளர்களுக்குத் தனி ஓய்வூதிய ஏற்பாடு இருப்பதால், இந்த அறிவிப்பின் உண்மையான பயன் ஒப்பந்த, தற்காலிகப் பணியாளர்களுக்கே உரியது. நேரடியாக அமர்த்தப்பட்டாலும் ஒப்பந்ததாரர் வழியாக அமர்த்தப்பட்டாலும் அவர் பணியாளரே என்பது இச்சட்டத்தின் அடிப்படை. ஒப்பந்ததாரர் பணம் கட்டத் தவறினால், முதன்மை வேலையளிப்பவர் பொறுப்பிலிருந்து விலக முடியாது.

அடிப்படை ஊதியமும் பஞ்சப்படியும் சேர்ந்து 12,000 ரூபாய் பெறும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் ஊதியத்திலிருந்து 12 விழுக்காடு, அதாவது 1,440 ரூபாய், பிடிக்கப்படும். வேலையளிப்பவர் தம் பங்காக இன்னொரு 1,440 ரூபாய் செலுத்த வேண்டும். இந்த இரண்டாவது தொகையில், ஊதியத்தின் 8.33 விழுக்காடு, ஏறத்தாழ 1,000 ரூபாய், ஓய்வூதியத் திட்டத்துக்குச் செல்லும். எஞ்சிய 440 ரூபாய் சேமிப்பில் சேரும். வேலையளிப்பவரின் பங்கையும் தொழிலாளியின் ஊதியத்திலேயே கழிப்பது சட்டவிரோதம். ஊதியச் சீட்டில் ஒரு முறைக்கு இரு முறை பிடித்தம் காணப்பட்டால் அதை உடனே கேட்க வேண்டும்.

1995 நவம்பர் 16 முதல் நடைமுறையில் உள்ள ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தின்படி, 10 ஆண்டுகள் பணி முடித்தவருக்கு 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. கடைசி 60 மாதங்களின் சராசரி ஊதியத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்தால் தொகை கிடைக்கும். இதற்குக் கொள்ளப்படும் ஊதிய உச்சவரம்பு 15,000 ரூபாய். இது 2014 செப்டம்பரில் வைக்கப்பட்டது. அதே மாதம் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய். சராசரி ஊதியம் 15,000 ரூபாயாக இருந்து 12 ஆண்டுகள் பணியாற்றியவருக்கு 2,571 ரூபாய் வரும். போதுமான தொகையன்று, ஆனால் உயிருள்ளவரை வருவது, அவருக்குப் பின் வாழ்க்கைத் துணைக்கும் தொடர்வது.

ஒப்பந்ததாரர் மாறும்போது கரையும் ஆண்டுகள்

மேற்சொன்ன 12 ஆண்டுகள் ஒரே தெருவைக் கூட்டியே கழிந்திருக்கலாம். ஆனால் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒப்பந்ததாரர் மாறியிருந்தால், பதிவேட்டில் அவர் மூன்று வேறு நிறுவனங்களின் தொழிலாளி. ஒவ்வொரு முறையும் 'கணக்கை முடித்துப் பணத்தை எடுத்துக்கொள்' என்று சொல்லப்படுகிறது. கடனில் இருக்கும் குடும்பத்துக்கு அந்தப் பணம் தேவை, கையெழுத்திட்டு விடுகிறார்கள். ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் அதுவரை சேர்ந்த பணியாண்டுகள் அழிந்துவிடும். மூன்று முறை நான்கு நான்கு ஆண்டுகள் உழைத்தவர் 58 வயதில் ஓய்வூதியம் ஏதுமின்றி நிற்பது இப்படித்தான்.

இதற்கு இரு வழிகள் உள்ளன. முதலாவது, ஒரே யு.ஏ.என். எண்ணின்கீழ் பழைய கணக்கைப் புதிய கணக்குக்கு மாற்றுவது. புதிய ஒப்பந்ததாரர் புதிய எண் தொடங்க முற்பட்டால் பழைய எண்ணையே கொடுக்க வேண்டும். இரண்டாவது, ஓய்வூதியப் பங்கை எடுக்காமல் 'திட்டச் சான்றிதழ்' பெற்றுக்கொள்வது. இச்சான்றிதழ் பணியாண்டுகளைப் பாதுகாத்து, அடுத்த வேலையோடு இணைக்க உதவும். சேமிப்புப் பங்கு வேறு, ஓய்வூதியப் பங்கு வேறு. முன்னதை எடுக்க நேர்ந்தாலும் பின்னதைத் தொடாதிருக்கலாம். இவ்வொரு செய்தியை ஒரு குடியிருப்பில் உள்ள அனைவருக்கும் கொண்டுசேர்த்தாலே அது பெரும் பணி.

நோயுற்றால்: இரு அட்டைகள், இரு பொருள்கள்

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. ஒன்றிய அரசின் திட்டத்தோடு இணைக்கப்பட்டு, ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெற இது வழிசெய்கிறது. அறுவை சிகிச்சைக்கும் உள்நோயாளிச் சிகிச்சைக்கும் இது பேருதவி. ஆனால் நோயால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு இந்த அட்டை ஒரு ரூபாயும் தராது.

ஈ.எஸ்.ஐ. இதிலிருந்து வேறுபட்டது. 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோருக்கு இது உரியது. தொழிலாளி 0.75 விழுக்காடும் வேலையளிப்பவர் 3.25 விழுக்காடும் செலுத்துகின்றனர். குடும்பத்தினருக்கும் சேர்த்துப் புறநோயாளிச் சிகிச்சையும் மருந்தும் கிடைக்கும். உரிய நாட்களுக்குச் சந்தா செலுத்தியவருக்கு நோய் விடுப்பில் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு வழங்கப்படும். மகப்பேற்றுக்கு 26 வாரங்கள் முழு ஊதியம். வேலையில் ஏற்பட்ட காயத்தால் தற்காலிகமாக முடங்கினால் 90 விழுக்காடு. ஐந்து ஆண்டுகளேனும் காப்பீட்டில் இருந்து வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தித் தமக்கும் வாழ்க்கைத் துணைக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம். ஓய்வு பெற்றதும் அட்டையைத் தூக்கி எறிந்துவிடுவோர் இதை அறிய வேண்டும்.

இச்சட்டம் தொழில்சார் நோய்களின் பட்டியல் ஒன்றையும் கொண்டுள்ளது. தொற்று ஏற்படும் தனி ஆபத்துள்ள வேலையால் வரும் தொற்றுநோய்கள் அதில் உள்ளன. குப்பையையும் கழிவுநீரையும் கையாளுபவருக்கு எலிக்காய்ச்சல் வந்தால், அதை இப்பட்டியலின்கீழ்க் கோரலாம். இதற்கு, மருத்துவரிடம் செய்யும் வேலையைச் சொல்வதும் அது மருத்துவச் சீட்டில் எழுதப்படுவதை உறுதிசெய்வதும் தேவை. வெறும் 'காய்ச்சல்' என்று எழுதப்பட்டால் வேலைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு காகிதத்தில் இல்லாமல் போகிறது.

உயிரிழப்பின்போது ஒன்று மற்றொன்றுக்கு மாற்று அன்று

கழிவுநீர்த் தொட்டி மரணங்களுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014 மார்ச் 27இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபர் 20 அன்று அதை 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தர ஊனத்துக்குக் குறையாத இழப்பீடாக 20 லட்சத்தை நிர்ணயித்தது. குடும்பத்தினருக்கு இத்தொகை தரப்பட்டதும் வழக்கு முடிந்ததாகக் கருதப்படுவதே நடைமுறை. ஆனால் இறந்தவர் வைப்பு நிதியின்கீழ் இருந்திருக்க வேண்டியவர் என்றால், குடும்ப ஓய்வூதியமும், வைப்பு நிதியோடு இணைந்த காப்பீட்டில் அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரையிலான தொகையும் தனியே உண்டு. குடும்ப ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டு நிபந்தனை இல்லை. ஒரு மாதச் சந்தா போதும். ஈ.எஸ்.ஐ. உள்ளவர் பணியில் இறந்தால் சார்ந்தோருக்கு ஊதியத்தில் 90 விழுக்காடு அளவில் மாத உதவி பகிர்ந்தளிக்கப்படும். இவை வெவ்வேறு சட்டங்களிலிருந்து வருபவை. ஒன்றைப் பெற்றதால் மற்றொன்று ரத்தாவதில்லை.

சமயப் பணியாளர்: தொண்டா, வேலையா?

இப்போது இரண்டாவது பிரிவினருக்கு வருவோம். சேரியில் உள்ள அம்மன் கோயிலின் பூசாரியும், சிற்றூர்த் திருச்சபையின் உபதேசியாரும் காலமெல்லாம் பணியாற்றுகின்றனர். அவர்கள் கையில் வருவது தட்சணை, காணிக்கை, படி. இவற்றுள் எதுவும் ஊதியம் என்று எழுதப்படுவதில்லை.

சமயப் பணி சட்டத்தின் பார்வையில் வேலையா என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. 1972இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம், அர்ச்சகரை நியமிப்பது சமயச் சார்பற்ற நிர்வாகச் செயல் என்றும், அவர் அறங்காவலரின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட கோயில் பணியாளர் என்றும் கொண்டது. 1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் 'தொழில்' என்பதற்கு மிக விரிந்த பொருள் தந்த அதே நீதிமன்றம், முற்றிலும் ஆன்மிகமான பணிகளை அதற்கு வெளியே வைத்தது. ஆக, அரசு நிர்வாகத்தில் உள்ள பெரிய கோயிலின் அர்ச்சகர் பணியாளராகிறார். யாருடைய நிர்வாகப் பட்டியலிலும் இல்லாத சேரிக் கோயிலின் பூசாரி வெறும் பக்தராகவே இருந்துவிடுகிறார்.

2021 ஆகஸ்ட் 14 அன்று அரசுப் பயிற்சிப் பள்ளியில் பயின்ற பல சாதிகளைச் சேர்ந்த 24 பேர் அர்ச்சகர்களாக நியமிக்கப்பட்டபோது, கருவறைக்குள் நுழையும் உரிமை பற்றியே எங்கும் பேசப்பட்டது. அது ஊதியமும் பணிப்பாதுகாப்பும் உள்ள வேலைக்குள் நுழையும் உரிமையும் ஆகும். அதே ஆண்டு செப்டம்பரில், ஒரு கால பூஜைத் திட்டக் கோயில்களின் அர்ச்சகர்களுக்கும் பூசாரிகளுக்கும் மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை தொடங்கப்பட்டது. இதைப் பெறக் கோயில் அத்திட்டப் பட்டியலில் இருக்க வேண்டும். கிராமக் கோயில் பூசாரிகள் நல வாரியம், உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியம், கிறிஸ்தவ தேவாலயங்களின் உபதேசியார்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியம் ஆகியவையும் உள்ளன. உறுப்பினராகாதவருக்கு இவற்றின் உதவி எதுவும் வராது. பதிவுக்கு வயதும் பணிச் சான்றும் கேட்கப்படுவதால், உழைக்கும் காலத்திலேயே பதிவு செய்ய வேண்டும். 60 வயதுக்குப் பின் ஓடுவதில் பயனில்லை.

கிறிஸ்தவ அமைப்புகளைப் பற்றி நாம் தயங்காமல் பேச வேண்டிய ஒன்று உண்டு. அரசு உதவிபெறும் பள்ளிகளில் ஆசிரியர்களாக உள்ள குருக்களும் கன்னியரும், வறுமை வார்த்தைப்பாட்டின் காரணமாகத் தம் ஊதியம் தமக்குரியதன்று, சபைக்குரியது என்றும், அதில் வருமான வரி பிடிக்கக் கூடாது என்றும் வாதிட்டனர். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஊதியம் பெறுபவர் தனிமனிதரே என்பது அதன் நிலை. துறவியருக்கு முதுமையில் அவர்களின் சபை இல்லம் இருக்கிறது. ஆனால் மனைவி மக்களோடு வாழும் உபதேசியார், கோயில் மணியடிப்பவர், கல்லறைத் தோட்டப் பணியாளர் ஆகியோருக்கு அத்தகைய இல்லம் கிடையாது. திருச்சபை நடத்தும் பள்ளியின் துப்புரவாளருக்கு வைப்பு நிதி கேட்பது விசுவாசக் குறைவாகாது. அப்பள்ளி சட்டத்தின் பார்வையில் ஒரு நிறுவனமே.

வேலையளிப்பவர் என்று எவரும் இல்லாத பூசாரியும் உபதேசியாரும் 40 வயதுக்குள் இருந்தால், அடல் ஓய்வூதியத் திட்டத்தில் வங்கியின் வழியே சேரலாம். வருமான வரி செலுத்தாதவராக இருந்தால் போதும். 60 வயதுக்குப் பின் செலுத்திய சந்தாவுக்கேற்ப 1,000 முதல் 5,000 ரூபாய் வரை வரும். விலைவாசிக்கேற்ப இத்தொகை உயராது என்பதையும் அறிந்தே சேர வேண்டும்.

சாதிச் சான்றிதழ் கேட்காத உரிமைகள்

1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராகக் கொண்டது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவர்களும் தலித் முஸ்லிம்களும் இன்றும் வெளியே நிற்கின்றனர். பட்டியல் சாதிச் சான்றிதழை அடிப்படையாகக் கொண்ட திட்டங்களில் அவர்களுக்கு இடமில்லை. ஆனால் வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ., பணிக்கொடை ஆகியவை எவரிடமும் சாதியையோ மதத்தையோ கேட்பதில்லை; உழைப்பை மட்டுமே கேட்கின்றன. ஒரே வண்டியில் குப்பை அள்ளும் இருவரில் ஒருவர் கிறிஸ்தவர் என்பதால் அவருடைய பணிக்காலம் குறைந்துவிடாது. தொழிலாளர் உரிமையை நாம் சாதி ஒழிப்புப் போராட்டத்தின் பகுதியாகக் கொள்ளவேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாக் கதவுகளும் மூடிய பின் எஞ்சுவது முதியோர் ஓய்வூதியம். தமிழ்நாட்டில் அது மாதம் 1,200 ரூபாய். ஒன்றிய அரசின் திட்டத்தில் 60 முதல் 79 வயது வரையுள்ளோருக்கு டெல்லி தரும் பங்கு 200 ரூபாய் மட்டுமே. அதையும் பெற, ஒருவர் தம்மை ஆதரவற்றவர் என்று வருவாய்த் துறையிடம் மெய்ப்பிக்க வேண்டும். 40 ஆண்டுகள் ஊரைத் தூய்மைப்படுத்தியவர் இறுதியில் ஆதரவற்றவர் என்று மனு எழுத நேர்வது, அவர் உழைப்பு ஒருபோதும் பதிவாகாததன் விளைவு.

புதிய சட்டத்தொகுப்பும் ஐந்து ஆண்டு வரம்பும்

2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்துள்ளது. வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ., பணிக்கொடை முதலிய ஒன்பது சட்டங்கள் இதனுள் அடங்குகின்றன. இதில் மூன்று செய்திகள் நமக்கு முதன்மையானவை.

ஒன்று, குறித்த கால ஒப்பந்தத்தில் நேரடியாக அமர்த்தப்பட்டவருக்குப் பணிக்கொடை பெற ஐந்து ஆண்டுகள் தேவையில்லை, ஓராண்டு போதும். இரண்டு, ஆபத்தான தொழில் என்று ஒன்றிய அரசு அறிவிக்கும் பணிகளில் ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் ஈ.எஸ்.ஐ. பொருந்தும். கழிவுநீர்ப் பணியை இவ்வகையில் அறிவிக்கச் செய்வது இயக்கங்கள் உடனே முன்வைக்க வேண்டிய கோரிக்கை. மூன்று, வைப்பு நிதி நிலுவையைத் தீர்மானிக்கும் விசாரணையை ஐந்து ஆண்டுகளுக்குள் தொடங்க வேண்டும் என்ற வரம்பு வந்துள்ளது. பழைய சட்டத்தில் இத்தகைய வரம்பு இல்லை. ஓய்வு பெறும் நாளில் கேட்டுக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர் இனி பல ஆண்டுகளின் உரிமையை இழக்க நேரும்.

குடியிருப்பில் தொடங்க வேண்டிய வேலை

மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கக்கூடியவை இவை:

- ஒவ்வொரு தொழிலாளியின் யு.ஏ.என். எண்ணையும் ஈ.எஸ்.ஐ. எண்ணையும் எழுதி எடுங்கள். கைபேசியில் கணக்கேட்டைத் திறந்து, எந்த மாதங்களுக்குப் பணம் கட்டப்படவில்லை என்று குறியுங்கள்.
- பெயர், பிறந்த தேதி, தந்தை அல்லது கணவர் பெயர் ஆகியவை ஆதாரோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஓர் எழுத்துப் பிழை ஓய்வூதியத்தை ஆண்டுக்கணக்கில் நிறுத்திவிடும்.
- வாரிசு நியமனம் செய்யப்பட்டுள்ளதா என்று உறுதிசெய்யுங்கள்.
- ஒப்பந்ததாரர் செலுத்திய வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ. செலுத்துச் சீட்டுகளின் நகலைத் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் உள்ளாட்சி அமைப்பிடம் கேளுங்கள். ஒப்பந்ததாரருக்குத் தொகை விடுவிக்கும் முன் இவற்றைச் சரிபார்க்க வேண்டிய பொறுப்பு அவ்வமைப்புக்கு உண்டு.
- அடையாள அட்டை, வருகைப் பதிவேட்டின் புகைப்படம், ஊதியம் வரவான வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றைப் பாதுகாத்து வையுங்கள். பணியை மெய்ப்பிக்க இவையே சான்று.
- பூசாரிகள், உபதேசியார்கள், கல்லறைப் பணியாளர்களை அந்தந்த நல வாரியத்தில் பதிவு செய்ய உதவுங்கள். பணிச் சான்று தர மறுக்கும் நிர்வாகத்திடம் மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.

இவை போராட்டத்துக்கு மாற்று அல்ல. ரிப்பன் மாளிகை முன் எழுந்த கோரிக்கை இன்றும் அப்படியே நிற்கிறது: நிரந்தரத் தன்மையுள்ள வேலைக்கு நிரந்தரப் பணியாளர் வேண்டும். அது வெல்லப்படும் நாள்வரை, ஒப்பந்தத்தின்கீழ் கழியும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு கணக்கில் ஏற வேண்டும். அவ்வாறு ஏறினால்தான் அந்தத் தொழிலாளி 58 வயதில் தம் பெயரில் வரும் ஓய்வூதியத்தைக் கையெழுத்திட்டு வாங்க முடியும்.